நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

சைவசமயிகளாகிய நாம் வழிபடும் முதல்வர் கூத்தப்பெருமான். தில்லையம்பலத்திலே அவர் இயற்றுந் திருக்கூத்தே படைத்தல் முதலிய ஐந்தொழிலையுங் குறிக்கும் என்பது நம் சாத்திரங்களின் துணிபு. அங்ஙனமிருந்தும், மேடையேறிக் கூத்தாடுவோரைத் தாழ்வாகக் கருதுதலும், கூத்தாடி என்னுஞ் சொல்லையே வசைச்சொல்லாக வழங்குதலும் நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவந்தன. மிஷன் பாடசாலைகளிற் கற்ற எம்போல்வார்க்கு இவ்விகழ்ச்சி இருமடங்காக ஊட்டப்பட்டது. ஆங்கில நாடகம் கற்றோர்க்குரிய கலை என்றும், தமிழ் நாடகம் கல்லாதார் இரவு கழிக்கும் வழி என்றும் எண்ணியே யாம் வளர்ந்தோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை அறிதற்கு ஒருவருடைய சரித்திரத்தைப் படித்தல் போதும். அவர் தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் நடிகராயிருந்த காலம் சிறிது. ஆசிரியராயிருந்த காலம் பெரிது. ஆதலின் அவர் சரித்திரம் நடிகர்க்கு உரியதேயாயினும், அதனினும் மிகுதியாகப் பாடசாலை உபாத்தியாயர்களாகிய நமக்கே உரியது என்பது எமது கருத்து.

திருநெல்வேலிச் சீமையிலே, தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் ஊரிலே, தாமோதரர் என்பவருக்கும் பேச்சியம்மாளுக்கும் புதல்வராக 1867 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7 ஆந் திகதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் இராமாயணத்தில் வல்லவராகி, அதனாற் புலவர் என்று பெயர்பெற்றவர். எனவே மைந்தருக்கு முதலாசிரியர் தந்தையாரே ஆயினர். பின்னர் அவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளை அடைந்து தமிழ் கற்றனர். தண்டபாணி சுவாமிகள் முருகப்பெருமானிடத்து அளவிறந்த பத்தியுடையவர். அருணகிரிநாதர் நெறியைப் பின்பற்றிச் சந்தமும் வண்ணமுமாகப் பல்லாயிரம் பாடல்களைப் பொழிந்தவர். அவரிடம் மாணாக்கர் பெற்றவை இரண்டு. ஒன்று முருகபத்தி, மற்றொன்று சந்தம் பிழையாத செவி. இவ்விரண்டும் பிற்காலத்தில் நாடகமேடையிலே பயன்பட்டவாற்றை மேலே காண்போம். பதினாறு வயதளவிலேயே வெண்பாவுங் கலித்துறையும் இசைப்பாடல்களும் பாடும் வன்மை அவருக்கு வாய்த்தது.

புலமை வாய்த்ததேனும் அது வயிற்றுக்குச் சோறிடவில்லை. தூத்துக்குடியிலே உப்புப் பண்டகசாலை ஒன்றிற் கணக்கராக அவர் சிலகாலம் வேலைபார்த்தார். மூட்டைக் கணக்கு எழுதுங் கையும் பாட்டெழுதுங் கையும் ஒன்றாயிருத்தல் அவருக்குப் பொருந்திற்றில்லை. 1891 ஆம் ஆண்டிலே, தமது இருபத்துநான்காம் வயதில், அவ்வேலையை விடுத்து நாடகத் தொழிலிற் புகுந்தார்.

அந்த 1891 ஆம் ஆண்டு தமிழ் நாடக சரித்திரத்தில் நினைக்கத்தக்கது. திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம்பிள்ளை மனோன்மணீயத்தை வெளியிட்டது அவ்வாண்டிலேயே. சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் சுகுணவிலாச சபையைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. முன்னையது கற்றோர் இருந்து படித்தற்கு ஏற்ற நூல். பின்னையது ஆங்கிலங் கற்ற கனவான்கள் தொழிலாகவன்றிக் கலைவிருப்பினால் நடித்த சபை. சங்கரதாஸரோ இவ்விரண்டுமல்லாத மூன்றாவது வழியிற் சென்றார். ஊர்ஊராகக் கொட்டகையிட்டு, நாழிக்காசு வாங்கி, எழுத்தறியாதார்முன் விடியுமளவும் நடித்துப் பிழைக்குந் தொழிற்சபைகளே அவர் சேர்ந்த இடம். கற்றோர் கூச்சப்பட்டு விலகிநின்ற அவ்விடத்திலே கற்றவர் ஒருவர் துணிந்து சென்று இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

முதலில் அவர் சேர்ந்தது இராமுடு ஐயர், கலியாணராம ஐயர் என்பவர்களுடைய சபை. அங்கே அவர் நடித்த வேடங்கள் இரணியன், இராவணன், இயமதருமன், சனீசுவரன் முதலியன. ஓங்கிய உருவமும் இடிபோன்ற குரலும் உடையவராதலால், அச்சம் விளைக்கும் பாத்திரங்களே அவருக்கு வந்து வாய்த்தன. அவற்றை அவர் நடித்ததும் கண்டோர் நடுங்கும் வண்ணமே. இது தொடர்பாக இரண்டு செய்திகள் அவர் மாணாக்கர் வழியாக வழங்கிவருகின்றன. நளன் சரித்திரத்திலே சனீசுவரனாக நடித்த ஓர் இரவு கழிந்து, வைகறையிலே வேடத்தைக் கழுவும்பொருட்டு அவர் நீர்நிலைக்குச் சென்றார். அங்கே வந்த பெண்ணொருத்தி அக்கோலத்தைக் கண்டு வெருவி வீழ்ந்து உயிர்நீத்தாள் என்பது ஒன்று. சாவித்திரி நாடகத்திலே இயமனாக அவர் தோன்றி ஆர்ப்பரித்தபோது, சபையிலிருந்த கருவுற்ற மாதொருத்திக்கு அச்சத்தினாற் கருச்சிதைந்தது என்பது மற்றொன்று.

வேறொரு நடிகராயின் இவற்றைத் தமது திறமைக்குக் கிடைத்த சான்றிதழாகக் கொண்டு பறைசாற்றியிருப்பர். இவரோ நெஞ்சுடைந்தார். தம்முடைய வல்லமை பிறருயிருக்கு ஊறுசெய்யுமாயின் அவ்வல்லமை தமக்கு வேண்டா என்று துணிந்து, அத்தகைய வேடங்களை மெல்ல மெல்லக் கைவிட்டார். சாமி நாயுடு என்பவருடைய சபையிலே சூத்திரதாரராக மேடையில் முன்வந்து கதையை எடுத்துக் கூறுதலும், திரைக்குப் பின்னின்று பிறரைப் பயிற்றுதலுமே அவர் தொழிலாயின. கைவந்த புகழை ஒருவர் தாமே இறக்கிவைத்தல் எளிதன்று. இதுவே அவர் வாழ்க்கையின் திருப்பம் என்று யாம் கருதுகின்றோம். அச்சுறுத்தும் ஆற்றலை விட்டமையாலே அவர் ஆசிரியராயினர்.

அக்காலத்து நாடகமேடை எங்ஙனம் இருந்தது என்பதை அறிந்தாலன்றி, அவர் செய்த உதவியின் அளவு விளங்காது. பாட்டுக்கள் இருந்தன, இடையே பேசும் வசனங்கள் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கவில்லை. நடிகர் வாயில் வந்ததே வசனமாயிற்று. அரசனும் அரசியும் கதையை மறந்து ஒருவரையொருவர் வெல்லுமாறு தர்க்கித்தலும், கோமாளி வாய்க்கு வந்தபடி இழிசொற் பேசுதலும், கைதட்டல் கிடைக்குமிடத்திற் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுதலும் வழக்கமாயிருந்தன. பெயரளவிற் கதை ஒன்றாயினும் இரவுக்கிரவு அது வேறாகும். பெண்டிரும் பிள்ளைகளும் உடனிருந்து கேட்டற்கு ஆகாத பேச்சும் அதிற் புகும்.

சுவாமிகள் இதற்கு மருந்தாகக் கண்டது எழுதிய பாடம். பாடலும் வசனமும் முறையாக எழுதி, இன்னார் இன்னவிடத்தில் இன்னது பேசுக என வரையறுத்து, அதனைப் பிழையின்றி ஒப்புவிக்கப் பயிற்றினார். வெண்பா, விருத்தம், கீர்த்தனை, சிந்து ஆகியவற்றைக் கதைக்கும் பாத்திரத்துக்கும் ஏற்ப அமைத்தார். திருக்குறள் முதலிய நீதிநூற் கருத்துக்களைப் பாத்திரங்களின் வாயிலாகக் கேட்போர் செவியிற் புகுத்தினார். எழுத்தறியாத உழவனும் கூலியாளனும் நாடகம் முடிந்து வீடுசெல்லும்போது அறநூற் கருத்தொன்றைச் சுமந்து சென்றனன். பாடசாலை இல்லாத ஊரிற் கொட்டகையே பாடசாலையாயிற்று. இவ்வகையாக அவர் இயற்றியனவாகப் பெயர் அறியப்பட்ட நாடகங்கள் 40 அளவின. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், சதி சுலோசனா, இலவகுசா, பிரகலாதன் முதலியன அவற்றுட் பெயர்பெற்றவை. வடமொழி மிருச்சகடியையும், ஷேக்ஸ்பியருடைய ரோமியோ ஜூலியட், சிம்பலின் என்பவற்றையும் தமிழ்மேடைக்கு ஏற்ப அவர் ஆக்கிக்கொண்டார். பல்கலைக்கழகங் காணாத ஒருவர் ஆங்கிலக் கவியின் கதைகளைத் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்களுக்குக் காட்டினார் என்பதை அறிந்தபோது, இளமையில் எமக்கு ஊட்டப்பட்ட எண்ணம் முற்றும் கரைந்தொழிந்தது.

சைவர்களாகிய நாம் தனித்து நோக்கவேண்டியவை சிறுத்தொண்டர், மார்க்கண்டேயர், பிரபுலிங்கலீலை என்பன. முன்னைய இரண்டும் நாயன்மார் சரித்திரமும் புராண சரித்திரமுமாம். பின்னையது துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் இயற்றிய காவியத்தின் கதை. பெரியபுராணத்தை ஓதியுணர வல்லார் ஊருக்குச் சிலரே. சிறுத்தொண்டநாயனார் தம் அருமை மைந்தராகிய சீராளதேவரைப் பைரவக்கோலங் கொண்டு வந்த பெருமானுக்காக ஈந்த சரித்திரத்தை மேடையிலே கண்டவரோ பல்லாயிரவர். புராணபடனஞ் செய்வோர் சொல்லால் விளக்கியதை அவர் காட்சியால் விளக்கினார். இதனைச் சிவத்தொண்டு அன்றென்று யாரே கூறவல்லார்?

சாமி நாயுடு சபையில் இருந்த காலத்திலே அவருக்கு உலகவாழ்விற் பற்று நீங்கிற்று. மணஞ்செய்யாதவராகிய அவர், நாடகத்தையும் துறந்து காவியுடுத்துத் தலயாத்திரை செய்யப் புறப்பட்டார். சங்கரன் என்பவர் சங்கரதாஸ் சுவாமிகள் ஆயினமை இதனாலாம். யாத்திரையிற் புதுக்கோட்டையை அடைந்தபோது, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாக உயர்த்திய இலயவித்துவான் மான்பூண்டியாபிள்ளையவர்கள் அவரைக் கண்டு, அவர் புலமையை அறிந்து, தம் புத்திரராகவே ஏற்றுக்கொண்டார். அங்கே அவர் தாளநுட்பங்களைக் கற்றனர். தண்டபாணி சுவாமிகள் தந்த சந்தமும் மான்பூண்டியாபிள்ளை தந்த தாளமும் ஒன்றோடொன்று கூடிய பின்னரே அவர் பாடல்கள் முழுவலிமை பெற்றன. துறவியாகிய அவரை மீட்டும் நாடகத்துக்கு அனுப்பியவரும் மான்பூண்டியாபிள்ளையே என்பர். காவி களையாமலே அவர் கொட்டகைக்குத் திரும்பினார். மடத்துக்குரிய கோலத்தோடு மேடைக்குப் பின்னே நின்று பாடஞ் சொல்லுதலைச் சிலர் பழித்திருத்தல் கூடும். பற்றில்லாதவன் செய்யுந் தொழில் எதுவாயினும் அது தவமே என்பது நம் நூற்றுணிபாதலின், அப்பழி அவரைச் சாராது.

வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர், பி. எஸ். வேலு நாயர் என்பவர்களுடைய சபைகளில் அவர் ஆசிரியராயிருந்தார். பின்பு 1910 ஆம் ஆண்டிலே சமரச சன்மார்க்க நாடக சபை என ஒன்றைத் தாமே நிறுவினார். முதிர்ந்த நடிகரை நெறிப்படுத்துதல் எத்துணை அரிது என்பதை அவர் ஆண்டுபலவாகக் கண்டவர். குடிப்பழக்கமும், காலந்தவறுதலும், எழுதிய பாடத்தை மதியாமையும் அவர்களிடத்தே வேரூன்றியிருந்தன. ஆதலால் இளஞ்சிறாரைக் கொண்டு நடத்தும் பாலர் சபைகளிடத்து அவர் கருத்துச் சென்றது. 1918 ஆம் ஆண்டிலே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை தோன்றிற்று. அதன் ஆசிரியர் சுவாமிகளே.

இவ்விடத்தில் ஒன்றை மறையாது கூறுதல் வேண்டும். அக்காலத்துப் பாலர் சபைகளில் ஐந்தாறு வயதுச் சிறார் பெற்றோரைப் பிரிந்து, ஊர்விட்டு ஊர் சென்று, இரவெல்லாம் விழித்து நடித்தனர். முறையான பாடசாலைக் கல்வி அவர்களுக்குக் கிடைத்திலது. கண்டிப்புக்கும் பிரம்புக்கும் குறைவிருந்ததில்லை. குரலுடைந்தவுடன் பலர் கைவிடப்பட்டனர். இவ்வழக்கத்தை இன்று எவரும் நல்லதென்று கூறார், யாமும் கூறோம். சுவாமிகளும் அவ்வழக்கத்துக்குள்ளேயே தொழில் செய்தவர். ஆயினும் அவர் தம் மாணாக்கர்க்கு எங்ஙனம் உதவினார் என்பதைக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. அதனையும் உடன்வைத்தே அவரை அளத்தல் முறை.

பாலசபை தொடங்கிய 1918 ஆம் ஆண்டிலே, நடிகராகிய கண்ணுசாமிப்பிள்ளை என்பவருடைய புதல்வர் சங்கரன், முத்துசாமி, சண்முகம் என்னும் மூவரும் அதிற் சேர்ந்தனர். சண்முகம் 1912 ஆம் ஆண்டிற் பிறந்தவர். சேர்ந்தபோது ஆறு வயதினர். முதலில் அவருக்குக் கிடைத்தது சத்தியவான் சாவித்திரியிலே நாரதர் வேடம். அச்சிறுவருடைய குரலையும், சொல்லைப் பற்றிக்கொள்ளுந் திறத்தையுங் கண்ட சுவாமிகள், அவருக்கென்றே ஒரு நாடகம் வேண்டும் என்று கருதினார். ஓரிரவிலே அரிக்கன் விளக்கை அருகே வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். பொழுது புலருமுன் அபிமன்யு சுந்தரி முடிந்தது. நான்கு மணிநேரம் நடித்தற்குரிய நாடகத்தின் பாடலும் வசனமும் ஒரே இரவில் அடித்தல் திருத்தலின்றி அமைந்தன. அபிமன்யுவாகச் சண்முகம் நடித்தார்.

இச்செய்தியைக் கூறுவோர் பெரும்பாலும் ஓரிரவில் எழுதிய வேகத்தையே வியப்பர். உபாத்தியாயர்களாகிய நாம் வியக்கவேண்டியது வேறு. பாடத்துக்கு ஏற்ப மாணாக்கனை வளைத்தல் எங்கும் உள்ளது. மாணாக்கனுக்கு ஏற்பப் பாடத்தை ஆக்குதல் அரிது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெரும்புலவர், ஒரு பாலகனுடைய வாய்க்கு எந்தச் சொல் அடங்கும், அவன் மூச்சுக்கு எத்துணை நீண்ட அடி பொருந்தும், அவன் நெஞ்சுக்கு எந்த உணர்ச்சி எட்டும் என்று எண்ணியெண்ணி இரவெல்லாம் விழித்திருந்தார். இயமனாக நின்று சபையை நடுங்கச் செய்தவரும் இவரே. அந்த ஆற்றல் அழிந்துபோகவில்லை, திசைமாறிற்று. ஒருவரை அச்சுறுத்திய வன்மை ஒருவரை வளர்க்கும் வன்மையாயிற்று.

1921 ஆம் ஆண்டிலே சுவாமிகளைப் பக்கவாதம் பற்றிற்று. இடியென முழங்கிய குரல் தடைப்பட்டது. சொல்லே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்கு இதனினுங் கொடிய சோதனை யாது? ஆயினும் அவர் சபையை விட்டு நீங்கிலர். அவர் பேசமாட்டாத சொற்களை அவர் பயிற்றிய சிறுவர் இரவுதோறும் மேடையிற் பேசினர். சபை புதுச்சேரியில் இருந்தபோது, 1922 ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 13 ஆந் திகதி, தமது ஐம்பத்தைந்தாம் வயதில், அவர் இறைவன் திருவடி எய்தினார். மனைவியும் மக்களும் இல்லாதவராகிய அவரைச் சூழ்ந்து நின்று அழுதவர்கள் அவருடைய மாணாக்கர்களே. அவர் சமாதி புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் உள்ளது.

ஆசிரியன் ஒருவனுடைய அளவு அவன் மறைந்தபின்பே தெரியும். சண்முகமும் அவர் சகோதரரும் 1925 ஆம் ஆண்டிலே தமக்கென ஒரு சபை கண்டனர். பிற்காலத்தில் நகைச்சுவைக்குப் பேர்பெற்ற என். எஸ். கிருஷ்ணன் அச்சபையில் வளர்ந்தவரே. 1942 ஆம் ஆண்டிலே ஔவையாராக நடித்தமையாற் சண்முகம் ஔவை சண்முகம் என வழங்கப்பெற்றார். தம் ஆசிரியரைத் தமிழ் நாடகத்துக்குத் தலைமையாசிரியர் என்று உலகறியச் செய்தவரும் அவரே. 1973 ஆம் ஆண்டில் மறையுமளவும் சுவாமிகள் பெயரைச் சொல்லாது அவர் மேடைபற்றிப் பேசியதில்லை எனலாம். புதுவைப் பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளி இன்று சுவாமிகள் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பல்கலைக்கழகங் காணாதவர் பெயரிலே பல்கலைக்கழகத்தில் ஒரு பள்ளி!

நம் ஈழநாட்டுக்கும் அவர் தொண்டின் பயன் வந்து சேர்ந்தது. இளமையில் அவர் சபையிற் பயின்ற எஸ். ஜி. கிட்டப்பா பின்பு கே. பி. சுந்தராம்பாளோடு கொழும்பு மேடையிலே நடித்தார். தென்னாட்டுச் சபைகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து கொட்டகையிட்டு ஆடிய நாடகங்களைக் கண்டு, நம்மவர்கள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர். இசைநாடகம் என்று இன்று வழங்கும் நம் மரபு அவ்வழி வளர்ந்ததே. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் நம் கோயில் வீதிகளிலே விடியுமளவும் ஆடப்பெற்றன. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் தலைவராயிருந்து 1989 ஆம் ஆண்டில் மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவைக் கண்டுங் கேட்டும் களித்தோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். ஆடியவர் நம்மூரவர், அந்த மரபுக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர் தூத்துக்குடிக் கணக்கர்.

அன்பர்களே, பாடசாலை விழாவுக்கு ஒரு நாடகம் வேண்டும் என்று அதிபர் கூறும்போது, அதனை வீண்சுமையாகக் கருதி, எங்கேனும் அச்சிட்ட ஒன்றைப் பிள்ளைகள் கையிற் கொடுத்து விடுகின்றோம். குரல் நல்ல ஒரு பிள்ளையை முன்னிறுத்தி, மற்றையோரை மரமாகவும் திரைபிடிப்போராகவும் நிறுத்துகின்றோம். பிழைத்தவனைச் சபைநடுவே அதட்டுகின்றோம். அதட்டுதல் எளிது; அதனாற் பிள்ளை சொல்லை ஒப்புவிப்பான்; சொல்லின் பொருள் அவன் நெஞ்சிற் புகாது. அச்சம் விளைப்பதில் தமக்கு நிகரில்லை என்று பேர்பெற்ற ஒருவரே அதனை விட்டு நீங்கினார் என்பதை அவ்வேளையில் நினைத்தல் வேண்டும்.

வகுப்பிலே வாய்திறவாத பிள்ளை ஒன்று இருக்கும். அப்பிள்ளையின் வாய்க்கு அடங்கும் பத்து வரிகளை, சீராளதேவர் கதையிலிருந்தோ மார்க்கண்டேயர் கதையிலிருந்தோ எடுத்து, இந்த ஆண்டு குருபூசை விழாவுக்கு நாமே எழுதிக்கொடுப்போமாக. ஓரிரவு விழித்திருக்க வேண்டாம். ஒரு நாழிகை போதும். கூத்தப்பெருமான் அதனைத் தமது பூசையாகவே ஏற்றருளுவார்.

திருச்சிற்றம்பலம்.